அணையைக் காப்பது கரையா, கலங்கலா?

ஓர் ஏரி உடைந்தது, ஓர் அணை உடைந்தது என்ற செய்தியைக் கேட்டதும் நம் மனத்தில் எழும் முதல் எண்ணம் என்ன? ‘கரை பலமாக இல்லை போலிருக்கிறது’ என்பதுதான். தண்ணீர் முட்டித் தள்ளியது, கரை தாங்கவில்லை, சரிந்துவிட்டது என்றே நாம் கற்பனை செய்துகொள்கிறோம். இந்தக் கற்பனை பெரும்பாலும் தவறானது. மண்ணால் கட்டிய பல அணைகள் உடைந்ததற்குக் காரணம் கரையின் பலவீனம் அன்று. தண்ணீர் வெளியேறப் போதிய வழி இல்லாமற் போனதுதான். இந்த உண்மையை விளக்குவதற்கு 1979ஆம் ஆண்டு குஜராத்தில் நடந்த ஒரு கொடிய நிகழ்ச்சியை விடப் பொருத்தமான சான்று நம் நாட்டில் இல்லை.

சென்னையின் மேற்குப் பகுதியில், நூம்பல், போரூர், அம்பத்தூர், ஆவடி ஆகிய ஊர்களில் வாழும் வாசகர்களுக்கு இது எங்கோ வடக்கே நடந்த கதையாகத் தோன்றலாம். ஆனால் நூம்பலிலிருந்து மேற்கே சென்று பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம் ஏரி வந்துவிடும். அந்த ஏரி நிரம்பினால் 24 அடி ஆழமும், 3,645 மில்லியன் கன அடித் தண்ணீரும் இருக்கும். நாம் பார்க்கப்போகும் குஜராத் அணையின் கொள்ளளவு எவ்வளவு தெரியுமா? சுமார் 3,500 மில்லியன் கன அடி. அதாவது, ஏறத்தாழ ஒரு செம்பரம்பாக்கம் ஏரி! அணை என்றதும் மேட்டூரையோ பக்ராவையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். நாம் தினமும் பேருந்தில் கடந்துபோகும் ஏரி அளவு தண்ணீர்தான் அன்று ஓர் ஊரையே அழித்தது.

மோர்பி என்னும் ஊர்

குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியில் மச்சு என்றோர் ஆறு ஓடுகிறது. அது தெற்கே குன்றுப் பகுதியில் தோன்றி, வடக்கு நோக்கி ஓடி, கட்ச் பகுதியின் சிறிய உப்புச் சதுப்பு நிலத்தில் கலந்துவிடும். பருவமழைக் காலம் தவிர்த்த மற்ற மாதங்களில் அதில் தண்ணீர் மிகக் குறைவு. நம் பாலாற்றைப் போன்ற ஆறு என்று வைத்துக்கொள்ளலாம். அதன் கரையில் உள்ள நகரம் மோர்பி. ஓடுகளுக்கும் சுவர்க்கடிகாரங்களுக்கும் பெயர் பெற்றது. 2022 அக்டோபர் 30ஆம் நாள் தொங்கு பாலம் அறுந்து 135 பேர் இறந்தார்களே, அதே ஊர்தான். அந்தப் பாலமும் இதே மச்சு ஆற்றின் மீதுதான் இருந்தது.

வறண்ட பகுதி ஆதலால், மழைக்காலத்தில் ஓடும் நீரைத் தேக்கிப் பாசனத்துக்குப் பயன்படுத்த ஆற்றின் குறுக்கே இரண்டு அணைகள் கட்டப்பட்டன. மேலே இருப்பது மச்சு 1. அது 1959இல் முடிந்தது. கீழே, மோர்பிக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் கட்டப்பட்டது மச்சு 2. அது 1972இல் முடிந்தது.

மச்சு 2 அணையின் அமைப்பைச் சற்றுக் கவனியுங்கள். ஆற்றின் நடுப்பகுதியில் கல்லும் காரையும் கொண்ட கற்கட்டு. அதில் தண்ணீரை வெளியே விட 18 ஷட்டர்கள். இந்தக் கற்கட்டின் இரு பக்கத்திலும் கைகளை நீட்டியது போல நீண்ட மண்கரைகள். அணையின் உயரம் 22 மீட்டருக்குச் சற்று அதிகம். எல்லா ஷட்டர்களையும் முழுவதும் திறந்தால் வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கன அடித் தண்ணீர் வெளியேறும். ‘இந்த ஆற்றில் இதைவிடப் பெரிய வெள்ளம் வராது’ என்ற கணக்கில் அமைந்த அளவு அது.

1979 ஆகஸ்டு 11

அந்த ஆண்டு ஆகஸ்டு இரண்டாவது வாரத்தில் சௌராஷ்டிரத்தில் இடைவிடாத கனமழை பெய்தது. மழைநீர் எவ்வளவு விரைவாகக் குவியும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 10,000 கன மீட்டர், அதாவது 1 கோடி லிட்டர் தண்ணீர். தொடக்கத்தில் இதில் ஒரு பகுதியை மண் உறிஞ்சிக்கொள்ளும். பல நாள் மழையில் மண் ஊறிப்போன பிறகு, விழும் நீர் பெரும்பாலும் அப்படியே ஓடைகளுக்கும் ஆற்றுக்கும் வந்துவிடும்.

அப்படித்தான் வந்தது. ஆற்றில் வந்த வெள்ளத்தின் உச்ச அளவு வினாடிக்கு 16,307 கன மீட்டர் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. கன அடியில் சொன்னால் சுமார் 5 லட்சத்து 76 ஆயிரம். வெளியேறும் வழியோ 2 லட்சம். வந்தது ஏறக்குறைய மூன்று பங்கு. போக முடிந்தது ஒரு பங்கு!

மீதி எங்கே போகும்? அணைக்குள்தான் ஏற வேண்டும். வினாடிக்கு 3 லட்சத்து 76 ஆயிரம் கன அடி வீதம் ஏறினால், 3,500 மில்லியன் கன அடி கொள்ளும் ஒரு நீர்த்தேக்கம் அடிமட்டத்திலிருந்து முழுவதும் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்? வகுத்துப் பாருங்கள்: சுமார் இரண்டரை மணி நேரம். அதாவது, அன்று அந்த அணை சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காலியாக இருந்திருந்தாலும், வெள்ளம் உச்சத்திலேயே நீடித்தால் இரண்டரை மணி நேரத்தில் நிரம்பி வழிந்திருக்கும். ஏற்கெனவே நிரம்பிய அணைக்கு எவ்வளவு அவகாசம் இருந்திருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

அணையில் இருந்த பணியாளர்கள் ஷட்டர்களைத் திறக்கப் பாடுபட்டார்கள். சில ஷட்டர்கள் முழுவதும் திறக்கவில்லை. ஆனால் எல்லாமே திறந்திருந்தாலும் நிலைமை மாறியிராது என்பதை மேற்கண்ட கணக்கே காட்டுகிறது. பிற்பகலில் தண்ணீர் மண்கரைகளின் உச்சியைத் தாண்டி மறுபக்கம் வழியத் தொடங்கியது. பிறகு கரைகள் கரைந்தன. நடுவில் இருந்த கற்கட்டும் ஷட்டர்களும் நின்றன. இரு பக்கத்து மண்கரைகளும் அடித்துச் செல்லப்பட்டன.

மோர்பியின் தாழ்ந்த பகுதிகளில் 20 நிமிடங்களுக்குள் 12 அடி முதல் 30 அடி வரை தண்ணீர் ஏறியது. முப்பது அடி என்பது மூன்று மாடி வீட்டின் உயரம். தரைத்தளத்திலிருந்து முதல் மாடிக்கு ஓடியவர்களுக்கும் அது போதவில்லை. மோர்பிக்குக் கீழே மாளியா பகுதிக் கிராமங்களிலும் வெள்ளம் புகுந்தது. இறந்தவர்களின் எண்ணிக்கை இன்றளவும் உறுதிப்படவில்லை. குறைந்த மதிப்பீடு 1,800. கூடிய மதிப்பீடு 25,000. இவ்வளவு பெரிய வேறுபாடே அந்த அழிவின் தன்மையைச் சொல்லும். குடும்பம் முழுவதும் போய்விட்டால், காணவில்லை என்று எழுதிக் கொடுக்க யார் இருப்பார்கள்?

கரை மேல் தண்ணீர் வழிந்தால் என்ன?

இங்கே ஓர் ஐயம் எழலாம். 20 மீட்டர் ஆழத் தண்ணீரைத் தாங்கிய கரை, மேலே அரை மீட்டர் கூடுதலாக வழிந்ததும் ஏன் அழிய வேண்டும்?

இதற்கு விடை காண, தண்ணீர் கரையை எப்படித் தள்ளுகிறது என்று முதலில் பார்ப்போம். வகுப்பில் நீர் அழுத்தம் பற்றிய பாடம் நடத்தும்போது மாணவர்கள் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஏரி பரப்பில் பெரிதாக இருந்தால் கரைக்கு அழுத்தம் அதிகமா, சார்?” இல்லை என்பதே விடை. நீரின் அழுத்தம் ஆழத்தை மட்டும் பொறுத்தது. 10 அடி ஆழக் கிணற்றின் அடியிலும் 10 அடி ஆழ ஏரியின் அடியிலும் அழுத்தம் ஒன்றே. 20 மீட்டர் ஆழத்தில் அது ஒரு சதுர மீட்டருக்கு 20 டன் எடைக்குச் சமம். மேலே சுழி, அடியில் 20 டன், சராசரி 10 டன். ஆகவே கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் தண்ணீர் சுமார் 200 டன் விசையோடு பக்கவாட்டில் தள்ளுகிறது.

இனி கரையின் எடையைப் பாருங்கள். உச்சியில் 6 மீட்டர் அகலமும், அடியில் 106 மீட்டர் அகலமும், 20 மீட்டர் உயரமும் உள்ள மண்கரையின் ஒரு மீட்டர் நீளத்தில் 1,120 கன மீட்டர் மண் இருக்கும். கன மீட்டருக்கு 2 டன் என்றால் 2,200 டன்னுக்கு மேல். தள்ளுவது 200 டன். எதிர்த்து உட்கார்ந்திருப்பது 2,200 டன். இதை எப்படித் தள்ளிவிட முடியும்? முடியாது. ஒழுங்காகக் கட்டிய மண்கரை தள்ளுவிசைக்கு அசையாது.

ஆனால் அந்த 2,200 டன்னும் ஒரே பாறை அன்று. கோடிக்கணக்கான மண் துகள்களின் கூட்டம். அமைதியாக நிற்கும் தண்ணீரால் அவற்றைத் தனித்தனியாகப் பெயர்க்க இயலாது. ஓடும் தண்ணீரால் இயலும். மெல்லிய மணலும் வண்டலும் வினாடிக்கு 1 மீட்டருக்குக் குறைந்த வேகத்திலேயே அரிக்கப்படத் தொடங்கிவிடும். ஓடும் நீர் புரட்டக்கூடிய கல்லின் எடை, வேகத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்து வளரும் என்பது நீரியலில் பழைய விதி. வேகம் இரண்டு மடங்கானால் எடை இரண்டு மடங்கு ஆகாது. 64 மடங்கு ஆகும்!

கரையின் உச்சியைத் தாண்டிய நீர், மறுபக்கச் சரிவில் இறங்க இறங்க வேகம் பிடிக்கிறது. 20 மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழும் பொருள் வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தை அடையும். சரிவின் உராய்வினால் நீரின் வேகம் இதைவிடக் குறைவாக இருக்கும் என்றாலும், மண்ணை அரிக்கத் தேவையான அளவைப் போல அது பல மடங்கு. முதலில் சரிவின் அடியில் ஒரு பள்ளம் விழும். பள்ளம் மேல் நோக்கி ஏறும். உச்சியை எட்டியதும் அங்கே ஒரு வாய் திறக்கும். வாய் திறந்ததும் அதிகத் தண்ணீர் பாயும். அதிகத் தண்ணீர் வாயை மேலும் அகலமாக்கும். தானே தன்னைப் பெருக்கிக்கொள்ளும் இந்தச் செயலை எந்த மணல் மூட்டையாலும் நிறுத்த முடியாது.

பிறகு வெளிப்படுவது அணையில் சேர்ந்திருந்த ஆற்றல். 10 கோடி கன மீட்டர் நீர் சராசரியாக 10 மீட்டர் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அதன் நிலையாற்றல் சுமார் 28 லட்சம் யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஓரிரு மணி நேரத்தில் இவ்வளவும் வீடுகளின் மீதும் மனிதர்கள் மீதும் செலவாகும்.

கற்கட்டின் மீது தண்ணீர் வழிந்தால் உடனே ஆபத்தில்லை; மண்கரையின் மீது வழிந்தால் அணையே போய்விடும். மச்சு 2 அணையில் எது நின்றது, எது போனது என்பதை நினைத்துப் பாருங்கள். விளக்கம் தானே கிடைக்கும்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். ஏரிக்கரையின் ஒரு பக்கத்தில், கரையின் உச்சியை விடத் தாழ்வாக, கல்லால் ஒரு வழிவு கட்டி வைத்தார்கள். அதுதான் கலங்கல். ஏரி நிரம்பியதும் மிகுதி நீர் கல்லின் மேல் வழிந்து கால்வாயில் இறங்கி அடுத்த ஏரிக்குப் போகும், மண்ணைத் தொடாது. ‘கலங்கல் போகிறது’ என்றால் ஏரிக்கு ஆபத்து நீங்கிவிட்டது என்று பொருள். கலங்கலின் அகலம் போதாவிட்டால் எவ்வளவு தடித்த கரையும் பயன்படாது.

ஒன்றுவிட்டு ஓராண்டு

மோர்பிக்கு முன்னால் எச்சரிக்கை எதுவும் இருக்கவில்லையா? இருந்தது. ஒன்று அல்ல, இரண்டு.

1975 ஆகஸ்டில் சீனாவின் ஹெனான் மாநிலத்தில் ஒரு சூறாவளியின் எச்சம் வந்து நின்றுவிட்டது. சில இடங்களில் ஒரே நாளில் 1 மீட்டருக்கும் மேல் மழை. பான்ச்சியாவ் என்ற பெரிய மண் அணையின் மேல் தண்ணீர் வழிந்து அது உடைந்தது. அதனுடன் சேர்த்து அந்தப் பகுதியில் 62 அணைகள் அழிந்தன. சீன அரசின் கணக்கின்படியே 26,000 பேர் வெள்ளத்தில் இறந்தனர். மற்ற மதிப்பீடுகள் இதைவிடப் பல மடங்கு. அந்த அணைக்கு 12 மதகுகள் வேண்டும் என்று சென் ஷிங் என்ற நீரியல் வல்லுநர் முன்பே கூறியிருந்தார், கட்டப்பட்டவை 5. ஆனால் இந்தச் செய்தி பல ஆண்டுகள் வெளியுலகுக்கு வரவில்லை. எனவே அதிலிருந்து யாரும் பாடம் கற்க இயலவில்லை.

1977இல் நடந்தது நம் தமிழ்நாட்டிலேயே. திண்டுக்கல் பக்கம் வேடசந்தூர் வட்டாரத்தில், அமராவதியில் சேரும் குடகனாற்றின் குறுக்கே கட்டப்பட்ட மண் அணை அது. சிறிய அணைதான், கொள்ளளவு 1 கோடியே 23 லட்சம் கன மீட்டர், மச்சு அணையில் எட்டில் ஒரு பங்கு. வினாடிக்கு 45,000 கன அடி வெளியேற்றக்கூடிய மதகுகள் இருந்தன. மிக உயர்ந்த நீர்மட்டத்துக்கும் கரையின் உச்சிக்கும் இடையே 2.5 மீட்டர் இடைவெளியும் விடப்பட்டிருந்தது. நவம்பர் மாத மழையில் வெள்ளம் வந்தபோது பணியாளர்கள் ஷட்டர்களைத் தூக்கத் தொடங்கினார்கள். பாதி தூக்கும்போது மின்சாரம் நின்றது. மாற்று ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தார்கள், பயனில்லை. கையால் சுற்றித் தூக்கினார்கள். அதற்குள் தண்ணீர் கரையைத் தாண்டிவிட்டது. 20 மீட்டர் முதல் 200 மீட்டர் வரை அகலமுள்ள உடைப்புகள் பல இடங்களில் ஏற்பட்டன.

கடும் மழையில்தான் மின்கம்பங்கள் சாயும். அதே மழையில்தான் ஷட்டர்களைத் தூக்க மின்சாரம் வேண்டும். தேவைப்படும் வேளையில் இல்லாமற் போவதையே நம்பி ஓர் ஏற்பாடு இருந்தால், அந்த ஏற்பாட்டில்தான் குற்றம். பழைய கலங்கலுக்கு மின்சாரம் வேண்டாம், ஆளும் வேண்டாம் என்பதை இங்கே நினைவு கூர வேண்டும்.

1975, 1977, 1979. மூன்றும் மண்கரைகள், மூன்றிலும் தண்ணீர் கரை மேல் வழிந்தது.

வெள்ளத்தை எப்படி அளந்தார்கள்?

மச்சு அணையின் பொறியாளர்கள் அறியாதவர்கள் அல்லர். அவர்கள் கையில் இருந்த அளவுகோல் போதவில்லை. ஓர் ஆற்றில் வரக்கூடிய மிகப் பெரிய வெள்ளம் எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நம் நாட்டில் சில எளிய வாய்பாடுகள் வழக்கில் இருந்தன. வடக்கே டிக்கன்ஸ் வாய்பாடு, சென்னை மாகாணத்தில் ரைவ்ஸ் வாய்பாடு. இரண்டும் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நீர்ப்பிடிப்புப் பகுதியின் பரப்பை எடுத்து, வட்டாரத்துக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்கினால் வெள்ள அளவு கிடைக்கும். மழை எவ்வளவு, எத்தனை மணி நேரம், மண் ஊறியிருக்கிறதா என்ற கேள்விகள் அதில் நேரடியாக வருவதில்லை. அது வரை கண்ட வெள்ளங்களுக்கு அந்த வாய்பாடு பொருந்தும். காணாத வெள்ளத்துக்கு?

இப்போது முறை வேறு. ஒரு வட்டாரத்தில் வளிமண்டலம் அதிக அளவாக எவ்வளவு மழையைக் கொட்டக்கூடும் என்று முதலில் கணக்கிடுகிறார்கள். அந்த மழை ஊறிய நிலத்தில் விழுந்தால் ஆற்றில் எவ்வளவு வெள்ளம் வரும் என்று அடுத்துக் கணக்கிடுகிறார்கள். 1985இல் வெளியான இந்தியத் தர விதியின்படி, 6 கோடி கன மீட்டருக்கு மேல் கொள்ளளவு உள்ள அணைகள் இந்த உச்ச வெள்ளத்தைத் தாங்குமாறு அமைய வேண்டும். மச்சு 2 அணையைத் திரும்பக் கட்டியபோது, வெளியேற்றும் திறனை வினாடிக்குச் சுமார் 21,000 கன மீட்டராக, ஏறக்குறைய நான்கு மடங்காக உயர்த்தினார்கள். கரையை நான்கு மடங்கு தடிக்கச் செய்யவில்லை. வாசலை நான்கு மடங்கு ஆக்கினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

தப்ப முடிந்திருக்குமா?

அணையைக் காப்பாற்ற முடியவில்லை, சரி. மக்களைக் காப்பாற்றியிருக்க முடியாதா? அணைக்கும் ஊருக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். ஆயினும், கரை மேல் தண்ணீர் ஏறும் என்பது உடைவதற்குப் பல மணி நேரம் முன்பே தெரியக்கூடியது. ஏறும் வேகத்தைக் குறித்து வைத்தால் போதும். ஆனால் அன்று மழையில் தொலைபேசித் தொடர்பு அற்றுப் போயிருந்தது. அணையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அணை உடையும் நிலையில் இருக்கிறது என்ற ஒரு வரிச் செய்தி உரிய நேரத்தில் மோர்பியை எட்டவில்லை. மேட்டு நிலம் இல்லாத ஊர் அல்ல அது.

அரசு ஒரு விசாரணை ஆணையத்தை நியமித்தது. அதன் பணி முடியும் முன்பே 1981இல் அது கலைக்கப்பட்டது. பல ஆண்டுகளுக்குப் பின் உத்பல் சாண்டேசரா, டாம் வூட்டன் என்ற இரு இளைஞர்கள், பிழைத்தவர்களையும் பொறியாளர்களையும் தேடிச் சென்று கேட்டறிந்து 2011இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அதன் பிறகுதான் பலருக்கு முழு வரலாறு தெரிந்தது. விபத்தின் காரணத்தை ஆராய்ந்து எழுதி வைப்பது பழி சுமத்துவதற்காக மட்டும் அன்று. அடுத்த அணையைக் கட்டுபவர் படிப்பதற்காகவும்தான்.

2021 டிசம்பரில் அணைப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பெரிய அணைக்கும் அவசரகாலச் செயல்திட்டம் வேண்டும், அணை உடைந்தால் எந்தெந்த இடங்களில் தண்ணீர் ஏறும் என்ற வரைபடம் வேண்டும் என்று அது விதிக்கிறது. மோர்பிக்குப் பின் 42 ஆண்டுகள் ஆயின.

செம்பரம்பாக்கத்தின் கணக்கு

இனி நம் ஏரிக்கு வருவோம். 2015 டிசம்பர் 1ஆம் நாள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவானது. மேலே ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் போன்ற ஏரிகளிலிருந்தும் நீர் வந்தது. அன்றிரவு ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீர் வினாடிக்கு 29,000 கன அடி வரை உயர்ந்தது. குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை வழியாக அது அடையாற்றில் சேர்ந்து, நகருக்குள் என்ன செய்தது என்பதை நாம் அறிவோம். நீர் திறந்த முறையைக் குறை கூறி, இது மனிதர் விளைவித்த பேரிடர் என்றே 2018இல் வெளிவந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை கூறியது.

அன்று ஏரிக்கரை உடையவில்லை. உடைந்திருந்தால்? நிரம்பிய ஏரி 29,000 கன அடி வீதம் காலியாக 35 மணி நேரம் ஆகும். கரை உடைந்து இரண்டு மணி நேரத்தில் காலியாகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், சராசரியே வினாடிக்கு 5 லட்சம் கன அடியைத் தாண்டும். அன்று அடையாற்றில் விடப்பட்டதைப் போல 17 மடங்கு! ஆகவே ‘ஏன் திறந்தார்கள்?’ என்பது சரியான கேள்வி அன்று. திறக்காமல் இருந்திருக்க முடியாது. ‘எப்போது திறந்தார்கள், எவ்வளவு முன்னதாகச் சொன்னார்கள்?’ என்பதே சரியான கேள்வி.

முன்னதாகவே திறந்து இடம் விட்டு வைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் சிக்கல். இதே செம்பரம்பாக்கம் ஏரி 2019 கோடையில் வறண்டு, நிலம் வெடித்துக் கிடந்தது. சென்னை குடிநீருக்குத் தவித்தது. நவம்பரில் ஒரு பொறியாளர் 3 அடித் தண்ணீரைத் திறந்துவிட்டு, பிறகு மழை பெய்யாவிட்டால், அடுத்த கோடையில் அவரை யார் மன்னிப்பார்கள்? திறக்காமல் வைத்திருந்து, பெருமழை பெய்துவிட்டால்? இரண்டு தவறுகளுக்கும் விலை உண்டு. ஆனால் இரண்டும் ஒரே அளவுள்ளவை அல்ல. இழந்த குடிநீரை ரயிலில் கொண்டுவரலாம். மோர்பியில் இழந்ததை எதில் கொண்டுவருவது? அதனால்தான் இந்த முடிவை ஒரு தனி மனிதரின் துணிச்சலுக்கு விட்டுவிடாமல், எந்தத் தேதியில் எந்த மட்டத்துக்கு மேல் தண்ணீர் நிற்கக் கூடாது என்ற எழுதப்பட்ட விதி, மழை முன்கணிப்பு, ஆற்றோரம் வாழ்வோருக்கு முன்னறிவிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து இயங்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

வாசகர்களே, ஏரியின் பாதுகாப்பு பொதுப்பணியாளர்களின் வேலை, நமக்கு அதில் என்ன என்று இருந்துவிட முடியாது. கரையைக் காப்பது கலங்கல் என்றால், கலங்கலைக் காப்பது அதற்குக் கீழே உள்ள கால்வாய். அந்தக் கால்வாயில் வீட்டு மனை போடுவதும், கட்டட இடிபாடுகளைக் கொட்டுவதும் நாமே.

உங்கள் வீட்டுக்கு அருகே உள்ள ஏரியைப் பற்றி மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, அதன் கலங்கல் எங்கே இருக்கிறது? இரண்டாவது, கலங்கலில் இறங்கும் தண்ணீர் எந்த வழியாக எங்கே போகிறது. அந்த வழி இன்றும் திறந்திருக்கிறதா? மூன்றாவது, ஏரி நிரம்பும் இரவில் உங்கள் தெருவுக்கு யார் வந்து சொல்வார்கள். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாவிட்டால் எப்படிச் சொல்வார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஏரிக்கரையில் நடந்து சென்றால் முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும். மூன்றாவதற்கு விடை கிடைக்காவிட்டால், மழைக்காலம் தொடங்கும் முன்பே உள்ளாட்சி அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். மோர்பி மக்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.